கோகிலவாணி கூட்டி வந்த மலை

மலை ஒன்று தான் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, இருநூற்றைம்பது மைல் தள்ளிப் போய், வேற்றூரில் நான்கு நாள் தங்கிவிட்டு, பிறகு நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது என்றால், அதற்கு மூல காரணம் ஒரு தேங்காய்ச் சட்னி. அந்த மலையைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு மாநிலங்களில் இருக்கிறார்கள். அது எவ்வளவு உயரம், என்ன நிறம், உச்சியில் எத்தனை அங்குலம் பனி இருந்தது என்றெல்லாம் கேட்காமலே சொல்வார்கள். சட்னியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கு அது தெரியாது. அதனால் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சட்னியை அரைத்தவள் கோகிலவாணி. சத்தியமங்கலத்தில் பிறந்து, கோபிச்செட்டிபாளையத்து ஈஸ்வரமூர்த்திக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் பின்னாலேயே கடல் தாண்டி வந்து, டெக்சாஸில் சான் அந்தோனியோ நகரத்தில் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள். ஒரே மகள் சம்யுக்தா. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதில், பள்ளிக்கூட நீச்சல் குளத்தின் கரையில், முதல் தடவை வலிப்பு வந்தது. அன்றிலிருந்து கோகிலவாணி மகளின் அறையில்தான் படுத்தாள். மகள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பாடச் சொல்லிக் கேட்டாள், பாட்டு நின்றால் கதவைத் தட்டினாள். ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று. இப்போது சம்யுக்தாவுக்குப் பதினெட்டு வயது, கடைசியாக வலிப்பு வந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது, மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சான் டியேகோவில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஜனவரி முதல் திங்கட்கிழமை வகுப்பு. விமானத்தில் போனால் மூன்று மணி நேரம்.

"கார்லயே போயிரலாமுங்க," என்றாள் கோகிலவாணி. "நாலு எடம் பாத்த மாதிரியும் இருக்கும்."

மார்கழிக் குளிரில், பாலைவனத்தில், பார்க்க என்ன இருக்கிறது என்று ஈஸ்வரமூர்த்தி கேட்கவில்லை. மூன்று மணி நேரத்தை ஆறு நாளாக இழுக்க அவள் ஆசைப்படுகிறாள் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது, சம்யுக்தாவுக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேரும் தெரியாத மாதிரியே மூட்டை கட்டினார்கள்.

ஐஸ்பெட்டியில் இட்லி மாவு, பின்சீட்டில் மிக்ஸி, ஒரு ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாய், மகளின் மாத்திரைகள் மூன்று வெவ்வேறு பைகளில், இவற்றோடு இரண்டு தேங்காய். கோகிலவாணியின் அப்பா திம்பம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கற்பூரம் காட்டி ஒரு தேங்காய் உடைத்து, "கூட வந்து தொணையிரு சாமி" என்று மலையைக் கூப்பிடுவார்; இருபத்தேழு கொண்டையூசி வளைவும் ஏறி முடித்துச் சமதளம் வந்ததும் இரண்டாவது தேங்காயை உடைத்து, "இனி நாங்க பாத்துக்கறோம், நீ போயி உன்ற எடத்துல உக்காரு" என்று அனுப்பி வைப்பார். முதல் தேங்காயை என்றைக்காவது மறந்தாலும் மறப்பாரே தவிர, இரண்டாவதை மறந்ததில்லை. அவர் மகளும் அதனால்தான் இரண்டு தேங்காயாக எடுத்து வைத்தாள்.

முதல் நாள் மேற்கு டெக்சாஸில் ஒரு விடுதியில் தங்கினார்கள். காலையில் இட்லித் தட்டைப் பார்த்த ஈஸ்வரமூர்த்தி, "சட்னி இல்லையா புள்ள?" என்றான். ஊறுகாய் இருக்கிறது என்றாள். இட்லிக்கு ஊறுகாயா என்று அவன் வாயால் கேட்கவில்லை, ஆனால் அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் அவள் ஒரு தேங்காயை எடுத்துக் குளியலறைப் படியில் தட்டி உடைத்து, பச்சை மிளகாய் வைத்து அரைத்துப் போட்டுவிட்டாள். சட்னி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அன்று மத்தியானம் நியூ மெக்சிகோவில் பாலோ செகோ என்ற ஊரில் சாப்பிட நிறுத்தினார்கள். இருபத்தாறு வீடு, ஒரு பள்ளிக்கூடம், கொன்சுவேலோ என்ற அம்மாள் நடத்தும் ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு மலை, அவ்வளவுதான் ஊர். மலை சிவப்பாக, குட்டையாக, கவிழ்த்து வைத்த பானை மாதிரி உருண்டையாக இருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கோர்டிட்டோ என்றார்கள், நம் பாஷையில் சொன்னால் குண்டுப்பயல். அதன் காலடியில் ஒரு ஊற்று இருந்தது, இருபத்தாறு வீடும் அதைத்தான் குடித்தது. கோகிலவாணி, யாரோடும் ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்கிறவள், அவரைக்காய்க் குழம்பு மாதிரி இருந்த எதையோ சாப்பிட்டுவிட்டுக் கொன்சுவேலோவுக்குக் கொஞ்சம் ஊறுகாய் கொடுத்து, அதன் பக்குவம் கேட்டதற்குத் தன் போன் நம்பரையும் கொடுத்தாள். பிறகு கடைக்குப் பின்னால் போய், மலையின் காலடியில் ஒரு கல்லைத் தேடி நிறுத்தி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, மீதமிருந்த ஒரு தேங்காயை உடைத்தாள்.

"சாமி, நீ ஆரோ, எந்த ஊருச் சாமியோ, எனக்குத் தெரியாது. என்ற புள்ளைய அத்தாந்தூரத்துல தனியா உட்டுட்டு வரப் போறேன். கூட வந்து தொணையிரு."

சம்யுக்தா கார் ஓரமாக நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரமூர்த்தி நெருப்பு சரியாக அணைந்ததா என்று பார்த்தான். மலையும் பார்த்திருக்க வேண்டும்.

பத்து மைல் தாண்டிய பிறகுதான் கோகிலவாணிக்கு இரண்டாவது தேங்காய் ஞாபகம் வந்தது. அது சட்னியாகி, மூன்று பேர் வயிற்றுக்குள்ளும் போய், பயணத்தில் கூடவே வந்துகொண்டிருந்தது. காரை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தாள். எழுபத்தைந்து மைல் வேகத்தில் ஓடுகிற சாலை, நிறுத்தினாலும் உடைக்க ஒன்றுமில்லை. விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அனுப்பாமல் விட்ட துணை எதுவரைக்கும் வருகிறதோ வரட்டுமே என்று அடிமனதில் ஓர் ஆசை இருந்தது. திரும்பிப் பார்த்தபோது குண்டுப்பயல் பின்கண்ணாடியில் தெரிந்தது, ஐம்பது மைல் கழித்தும் தெரிந்தது, நூறு மைல் கழித்தும் அதே அளவில் தெரிந்தது. காரில் போகிறவர்களோடு மலை கூடவே வருவது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரிசோனாவில் டிரை லேக் என்ற ஊரில் நான்கு நாள் தங்கிக் கள்ளிக்காடுகளைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. விடுதியை நடத்தியவள் ஹன்சாபென் என்ற குஜராத்தி அம்மாள். மறுநாள் காலையில் கோகிலவாணி கதவைத் திறந்தபோது, விடுதிக்குப் பின்னால், நேற்று மாலை வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில், சிவப்பாகவும் குட்டையாகவும் உருண்டையாகவும், உச்சியில் கொஞ்சம் பனியோடு, அது உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள் கோகிலவாணி. உள்ளே போய் முதல் ஈட்டு இட்லியில் ஒன்றை எடுத்து வந்து அதன் காலடியில் வைத்தாள்.

சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த ஹன்சாபென் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த இங்கிலீஷில், "இது உங்களோடு வந்ததா?" என்று கேட்டாள்.

"ஆமாம். துணைக்கு."

"ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்," என்றுவிட்டு ஹன்சாபென் உள்ளே போய்விட்டாள்.

டிரை லேக்கில் பாதிப் பேர் குளிர்காலத்துக்கு மட்டும் வருகிறவர்கள். வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும், வயதானவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கையும் அடுப்பும் பொருத்திய பெரிய பெரிய வண்டிகளை ஓட்டிக்கொண்டு பாலைவனத்துக்கு வந்து, பங்குனி வரைக்கும் வண்டியிலேயே குடியிருந்துவிட்டுப் போவார்கள். அப்படி வருகிறவர்களுக்கான மைதானம் விடுதிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் மெர்ல் என்ற எழுபத்தைந்து வயதுக்காரர். அவருக்கு மலை ஒரு விசித்திரமாகவே படவில்லை. குளிருக்குப் பயந்து தெற்கே வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும்போது நாற்பத்தொன்றாவதாக ஒரு மலை வரக் கூடாதா என்ன. ஒரு பலகையில் 41 என்று எழுதி அதன் காலடியில் நட்டு வைத்து, தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் வேண்டுமா என்று விசாரித்து, பதில் இல்லாததால் வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மலையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பொது நிலத்தில் பதினாலு நாளுக்கு மேல் யார் தங்கினாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று கோகிலவாணியிடம் சொல்லிவிட்டு, தொப்பியைத் தொட்டு மலைக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். மலை மேற்கே உட்கார்ந்திருந்ததால் ஊரின் அந்தப் பாதிக்கு மட்டும் முக்கால் மணி நேரம் முன்னாலேயே பொழுது சாய்ந்தது. தேவாலயத்தில் மாலைப் பிரார்த்தனையை முன்னால் கொண்டுவந்தார்கள், முடிதிருத்தகத்தில் நாலு மணிக்கே விளக்குப் போட்டார்கள், கோழிகள் ஒரு நாள் குழம்பி இருந்துவிட்டு இரண்டாம் நாள் பழகிக்கொண்டன. பனிக்குப் பயந்து ஆயிரத்தைந்நூறு மைல் ஓடி வந்த கிழவர்களும் கிழவிகளும், மலை உச்சியில் இருந்த ஒரு கைப்பிடிப் பனியைத் தொட்டுப் பார்ப்பதற்காகத் தடியை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறினார்கள். மெர்லின் மனைவி டோரிஸ் ஒரு உருண்டை உருட்டிக் கொண்டுவந்து தன் வண்டியின் ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டாள். மலையோடு கூடவே அதன் ஊற்றும் வந்திருந்தது. விடுதிக்குப் பின்னால் மெல்லிய ஓடை ஒன்று ஓடியது, அதில் எல்லோரும் வண்டி கழுவினார்கள். மூன்றாம் நாளைக்குள், அந்த மலை அங்கே இல்லாமல் இருந்தது எப்போது என்று யாரையாவது கேட்டால் யோசித்துத்தான் சொல்லும் நிலைமை ஆகிவிட்டது.

கோகிலவாணிக்கு ஒன்பது வருஷத்தில் இல்லாத நிம்மதி. வியாழக்கிழமை ராத்திரி முதல்முறையாக மகளின் மூச்சை எண்ணாமல் தூங்கினாள். கல்லூரி விடுதிக்குப் பின்னால் இதை எங்கே உட்கார வைக்கலாம், கடல் பக்கமா, சாலைப் பக்கமா என்றெல்லாம் மனதுக்குள் இடம் பார்த்து வைத்தாள். சம்யுக்தாவுக்கோ முகம் சுண்டிப் போயிருந்தது. "அம்மா, காலேஜுக்கு ஒரு மலையோட யாரும்மா போவாங்க?" என்று இட்லியைப் பிட்டபடி ஒரே ஒரு தடவை கேட்டாள். கோகிலவாணி அவள் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. கொன்சுவேலோ பேசினாள். கோபமே இல்லை, முதலில் ஊறுகாயைப் புகழ்ந்தாள். பிறகு, கடைக்குப் பின்னால் குங்குமம் வைத்த கல் ஒன்று மட்டும் நிற்கிறதே, மலை உங்களோடு வந்திருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றதும், பத்திரமாக இருக்கிறானா என்று விசாரித்தாள். மலை இருந்த இடம் இப்போது நல்ல சமதளமாக இருக்கிறது, பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், மூன்று மணிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குள் வெயில் அடிக்கிறது, டீச்சர் மேசைகளைத் திருப்பிப் போட்டிருக்கிறார், தினமும் காலையில் மலையைச் சுற்றி வருகிற எவுசேபியோ என்ற பெரியவர் இப்போதும் சுற்றுகிறார், நடுவில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான், எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்கிறோம் என்றாள்.

"ஊற்றும் போய்விட்டது, அதுதான் கொஞ்சம் கஷ்டம். நாற்பது மைல் போய்த் தண்ணீர் கொண்டு வருகிறோம். உங்கள் வேலை முடிந்ததும் அனுப்பி வைத்தால் போதும், அம்மா."

போனை வைத்த பிறகு கோகிலவாணி ஓடையைப் பார்த்தாள். யாரோ ஒருவர் தன் வண்டியின் சக்கரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வீட்டுக் குடிதண்ணீரைத் தன் பிள்ளைக்குத் துணையென்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். உடனே காரை எடுத்துக்கொண்டு, முப்பது மைல் தள்ளியிருந்த பெரிய கடைக்குத் தனியாகப் போய், இருந்த தேங்காய் நான்கையும் வாங்கி வந்தாள். அவள் கடைக்குள் இருந்தபோது மலை கடையின் பின்பக்கம் நின்றது, திரும்பி வந்தபோது அதுவும் திரும்பி 41-ஆம் பலகைக்கே வந்துவிட்டது. அது நகர்வதை மட்டும் எப்போதும்போல் யாரும் பார்க்கவில்லை.

முதல் தேங்காய் அழுகல். இரண்டாவதில் தண்ணீரே இல்லை. மூன்றாவது நன்றாக, இரண்டு சம பாதியாக உடைந்தது. "இனி நாங்க பாத்துக்கறோம், நீ போயி உன்ற எடத்துல உக்காரு," என்று அப்பா சொன்ன மாதிரியே சொன்னாள். மலை அசையவில்லை. மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தது. தேங்காயின் மேல் தப்பில்லை என்பது கோகிலவாணிக்குத் தெரியும். வாய் போ என்று சொன்னபோது மனசு போகாதே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மலை இரண்டையும் கேட்டு, எது பெரிய சத்தமோ அதற்குக் கட்டுப்பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் மலையின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். சம்யுக்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"இது எனக்குத் துணைக்கு வரலம்மா. நேத்து நீங்க தேங்கா வாங்கப் போனப்போ நான் இங்கதான் டோரிஸ்கூட இருந்தேன். இது உங்க பின்னாடி வந்துருச்சு. ரெண்டு மணி நேரம் இங்க மலையே இல்ல. அவங்க போர்வையெல்லாம் எடுத்து வெயில்ல காயப் போட்டாங்க."

கோகிலவாணி மகளின் கையைப் பிடித்தாள். "உனக்கு ஒன்னும் ஆகலியே?"

"ஒன்னும் ஆகல. ஆயிருந்தாலும் டோரிஸ் பாத்துருப்பாங்க. வந்த அன்னிக்கே அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். பக்கவாட்டுல படுக்க வெக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, டைம் பாக்கணும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாத்தான் ஆம்புலன்ஸ்."

"முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்டயா சொன்னே?"

"அவங்ககிட்டத்தானே சொல்லணும். தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியுமே."

ஆனால் தெரிந்தவர்களுக்கும் தெரியாது. ஒன்பது வருஷமாகக் கோகிலவாணி அதை யாருக்கும் சொன்னதில்லை. சான் அந்தோனியோ தமிழ்ச் சங்கத்தில் ஒருத்திக்கும் சொல்லவில்லை, ஊரில் தன் கூடப்பிறந்தவளுக்கும் சொல்லவில்லை. நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்று இருக்கிறதே என்று வாயைக் கட்டி வைத்திருந்தாள். சொல்லாமல் இருந்ததால்தான் உலகத்தில் வேறு யாருமே துணைக்கு இல்லாமல், தான் ஒருத்தியே ராப்பகலாக விழித்திருக்க வேண்டியிருந்தது என்பது, அந்த மலையின் நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தச் சின்னப் பெண் மூன்று நாளில் முகம் தெரியாத ஒரு கிழவியிடம் அதைச் சொல்லிவிட்டாள், வானம் இடிந்து விழவில்லை.

"பயந்தவங்க யாரோ அவங்க பின்னாடிதாம்மா இது வருது," என்றாள் சம்யுக்தா. "அந்த ஊர்க்காரங்களுக்குத் தண்ணி வேணும். நீங்களும் அப்பாவும் இதக் கொண்டு போய் விட்டுட்டு வாங்க. நான் நாளைக்கு பஸ்ல போயிக்கறேன்."

அன்று சாயங்காலம் ஈஸ்வரமூர்த்தி தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னான். "நான் பாப்பாகூட பஸ்ல போயி உட்டுட்டு வந்தர்றேன் புள்ள. நீ காரை ஓட்டிட்டு மலையைக் கூட்டிட்டுப் போ. ரெண்டு வேலையும் ஆன மாதிரி இருக்கும்."

கோகிலவாணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமுங்க," என்றாள். "அவ தனியாவே போகட்டும்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பயம் போய்விடவில்லை, போன மாதிரி நடிக்கவும் இல்லை. மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெட்ரோல் பங்க் வாசலில் பஸ் வந்து நின்றது. டோரிஸ் ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டுவந்திருந்தாள், ஹன்சாபென் ஒரு டப்பா நிறைய தேப்லா என்ற வெந்தயச் சப்பாத்தி கொடுத்தாள். கோகிலவாணி மாத்திரைப் பை மூன்றையும் தொட்டுப் பார்த்தாள். டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய் துடித்தது, ஆனால் படியில் ஏறிய சம்யுக்தா தானே குனிந்து டிரைவரிடம் ஏதோ சொன்னாள், அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, தனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையைக் காட்டினார். கதவு மூடிக்கொண்டது. பஸ் மேற்கே போயிற்று. மலை பஸ்ஸோடு போகாமல் கோகிலவாணியோடேயே நின்றது. மகள் சொன்னது சரிதான் என்பதற்கு இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டியதில்லை.

பிறகு இரண்டு பேரும் கிழக்கே திரும்பினார்கள். மெர்ல் 41-ஐப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த வருஷமும் இடம் ஒதுக்கி வைக்கட்டுமா என்று கேட்டார். இவர்கள் சிரித்தார்கள். இருநூற்றைம்பது மைலும் குண்டுப்பயல் பின்கண்ணாடியில் வந்தது, அவர்கள் டீ குடிக்க நிறுத்தியபோது நின்றது, கிளம்பியபோது கிளம்பியது. வழியில் மூன்று தடவை சம்யுக்தாவிடமிருந்து செய்தி வந்தது, மூன்றிலும் ஒரு கள்ளிச்செடியின் படம் மட்டும் இருந்தது. கோகிலவாணி ஒன்றுக்கும் போன் போட்டுப் பேசவில்லை. போனைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாலோ செகோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய இரண்டு மணி நேரம் இருந்தது. ஊரே வாளியும் குடமுமாக நின்றிருந்தாலும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை, ஊருக்குப் போன பையன் திரும்பி வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள். பந்து விளையாடிய பையன்களுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். கொன்சுவேலோ இடுப்பில் கை வைத்து நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இரண்டு அடி வடக்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறான், பரவாயில்லை," என்றாள். எவுசேபியோ பெரியவர் சுற்ற ஆரம்பித்தார், இந்தத் தடவை நடுவில் மலை இருந்தது.

குங்குமம் வைத்த கல் நின்ற இடத்திலேயே கோகிலவாணி நான்காவது தேங்காயை உடைத்தாள். அப்பாவின் வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறு சொன்னாள்.

"இனி அவளே பாத்துக்குவா சாமி. எனக்குத்தான் பயம். அதை நான் வெச்சுக்கறேன். நீ இங்கயே இரு."

காரில் ஏறிக் கிளம்பினார்கள். அவள் பின்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மைல் போனதும் மலை கொஞ்சம் சிறுத்தது. மூன்று மைலில் பானை அளவு இருந்தது, ஐந்து மைலில் சொம்பு அளவு, பிறகு ஒரு வளைவில் மறைந்து போயிற்று. ஈஸ்வரமூர்த்தி அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தான். அவள் அழவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள். ராத்திரி அவர்கள் தங்கிய விடுதியில், வந்து சேர்ந்துவிட்டேன் என்று மகளின் செய்தி வந்தது. விடிகிற வரைக்கும் அவள் தூங்கவில்லை.

அப்புறம் நாட்கள் நாட்களாகவே போயின. பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், கோகிலவாணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சம்யுக்தா போன் செய்தாள். குரலில் லேசான களைப்பு இருந்தது.

"அம்மா, பதறாதீங்க. காலைல வந்துச்சு. சாப்பாட்டு ஹால்ல. ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். இப்ப நல்லாருக்கேன், டாக்டர் பாத்துட்டாங்க."

கோகிலவாணி துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெறும் தெருதான் இருந்தது, அஞ்சல்காரரின் வண்டி ஒன்று போயிற்று. கிளம்பி வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அதைச் சொல்லாமல், "பக்கத்துல ஆரு இருந்தாங்க கண்ணு?" என்று கேட்டாள்.

"மரிசோல் இருந்தா, அவதான் என்னைப் பக்கவாட்டுல படுக்க வெச்சா. ஹை யென் டைம் பாத்தா. டெஸ் கூட்டத்தையெல்லாம் தள்ளிப் போகச் சொல்லிட்டா. கேமில் நான் கண்ணு முழிக்கற வரைக்கும் கையப் புடிச்சுட்டு இருந்தாளாம்."

"இன்னொருக்கா சொல்லு."

"மரிசோல், ஹை யென், டெஸ், கேமில்."

கோகிலவாணி திருப்பிச் சொன்னாள். இரண்டாவது பெயரில் நாக்கு இடறியது. சம்யுக்தா அங்கிருந்து திருத்தினாள், இவள் மறுபடி சொன்னாள், நான்காவதை விட்டுவிட்டாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை நான்கு பெயரும் பிழையில்லாமல் வந்தன, அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.